பூச்சு வேறு, பொலிவு வேறு!

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – வேதியியல்)

மின்னுவதெல்லாம் பொன்னல்ல என்பது பழமொழி. பத்தாம் வகுப்பில் அதற்கு விளக்கம் எழுதி ஐந்துக்கு ஐந்து வாங்கியவன் நான். ஆயினும் சென்ற ஆண்டு ஆனி மாதத்தில், மின்னியது என்ற ஒரே காரணத்திற்காகப் பன்னிரண்டாயிரம் ரூபாய் கொடுத்து ஒரு பழைய ஸ்கூட்டரை வாங்கினேன். அது என் பணமன்று; அம்மா மகளிர் சுய உதவிக் குழுவில் வாங்கிய கடன். அந்த வண்டி என்னவாயிற்று, அதன்பின் நானும் என் தந்தையும் வேறொரு வண்டியை எவ்வாறு மீட்டோம் என்பதை நம் கல்லூரி மலரில் எழுதுவது தற்பெருமைக்காக அன்று. வாங்கினால் பழைய வண்டிதான் வாங்க முடியும் என்னும் நிலையில் இருப்பவர்களே நம்மில் பெரும்பாலோர். அதனால் எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கவனிப்பின்றி வெளுத்துக் கிடக்கும் பழைய வண்டியைக் கண்டு முகம் சுளிக்க வேண்டியதில்லை. அவசரமாகப் பூசி மினுக்கிய பழைய வண்டியைக் கண்டுதான் அஞ்ச வேண்டும். குறையை மூடி மறைப்பது பூச்சு. குறையை நீக்கி, உள்ளே இருப்பதை வெளியே கொணர்வது பொலிவு. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் ஒரு மழைக்காலம் போதும், வேறுபாடு தெரிந்துவிடும்.

இரண்டு வண்டிகள்

எங்கள் ஊருக்கும் கல்லூரிக்கும் பதினான்கு கிலோமீட்டர். அரசு வழங்கும் இலவசப் பேருந்து அட்டை கையில் இருக்கிறது. ஆனால் ஆய்வக வகுப்பு முடிகிற நேரத்தில் பேருந்து இல்லை. நாலேகால் மணி வண்டியை விட்டால் ஆறரை மணிக்குத்தான் அடுத்தது. முதலாண்டில் எத்தனையோ நாள் தரம்பார்த்தலைப் பாதியில் நிறுத்தி, பியூரெட்டைக் கழுவக்கூட நேரமின்றி ஓடியிருக்கிறேன். ஆகவே ஒரு வண்டி வேண்டும் என்று வீட்டில் முடிவாயிற்று.

என் தந்தை கொத்தனார். அம்மா களையெடுக்கப் போகிறவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவன் நானே முதல்வன். இந்தச் செய்தியைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. இதனால் எனக்கு வந்த ஒரு தலைக்கனத்தைப் பின்னால் சொல்லப்போகிறேன். அதற்கு முன்னுரையாகவே சொல்கிறேன்.

ஒரே வாரத்தில் இரண்டு பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டர்களைப் பார்த்தோம். 1972-ஆம் ஆண்டு வெளிவந்து, ராணா பிரதாப்பின் குதிரையின் பெயரைத் தாங்கி, ஒரு காலத்தில் பணம் கட்டிவிட்டு ஆண்டுக் கணக்கில் காத்திருந்தாலொழியக் கிடைக்காத வண்டி அது. அந்நிறுவனம் பெட்ரோல் ஸ்கூட்டர் தயாரிப்பிலிருந்து விலகுவதாக 2009-இன் இறுதியில் அறிவித்தது. 2020 முதல் அதே பெயரில் மின்சார ஸ்கூட்டரை விற்று வருகிறது. பழைய சேத்தக்கின் உடல் முழுவதும் எஃகுத் தகடு. அந்தத் தகடே அதன் எலும்பு. தனியாக ஒரு சட்டம் கிடையாது. இதை நினைவில் வையுங்கள்.

முதல் வண்டி, எங்கள் ஊரிலேயே ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வீட்டு வேப்பமரத்தடியில் நான்கு ஆண்டுகளாக நின்றது. 2001 மாடல். விலை ஏழாயிரம். ஒரு காலத்தில் நீலமாக இருந்திருக்க வேண்டும். நான் பார்த்தபோது அடுப்புச் சாம்பலை அள்ளித் தூவியதுபோல் இருந்தது. விரலால் தடவினால் விரலில் நீலப் பொடி ஒட்டிற்று. முன்புறப் பாதுகாப்புக் கம்பியில் புள்ளி புள்ளியாகத் துரு. கால் வைக்கும் பலகையின் ரப்பர் பட்டைகள் விறைத்து வெடித்திருந்தன. இடப்பக்கம் ஓர் ஒடுக்கு வேறு.

இரண்டாவது, நகரத்தில் ஒரு தரகரிடம் இருந்தது. செக்கச் சிவந்த நிறம். முகம் பார்க்கலாம் போன்ற பளபளப்பு. விலை பன்னிரண்டாயிரம்.

என் மனம் எதை விரும்பியது என்று சொல்லவும் வேண்டுமோ? கல்லூரி வாசலில் அந்தச் சாம்பல் பூத்த வண்டியில் வந்து இறங்கினால் நண்பர்கள் என்ன சொல்வார்கள் என்ற எண்ணம்தான் எனக்கு. தந்தை சிவப்பு வண்டியை இருமுறை சுற்றி வந்தார். குனிந்து முகர்ந்தார்.

"தம்பி, பெயிண்ட் வாசனையே இன்னும் போகலியே. விக்கிற வண்டிக்கு எதுக்கு இவ்வளவு அவசரமா அடிச்சிருக்காங்க?" என்றார்.

"இதெல்லாம் உங்களுக்குத் தெரியாதுப்பா" என்றேன் நான்.

அவர் பேசவில்லை. படித்த பிள்ளை சொன்னால் சரியாக இருக்கும் என்று பணத்தை எண்ணிக் கொடுத்தார். நண்பர்களே, நான் வேதியியல் மாணவன். இரும்பு துருப்பிடிப்பதற்கு நீரும் உயிர்வளியும் வேண்டும் என்பதைச் சோதனைக் குழாய்களில் ஆணிகளைப் போட்டு, எட்டாம் வகுப்பிலேயே நிரூபித்தவன். என் தந்தை எட்டாம் வகுப்பைப் பார்த்ததில்லை. ஆனால் அன்று வேதியியல் அறிந்தவராக நின்றவர் அவரே.

ஐப்பசி மழை

நான்கு மாதங்கள் அந்தச் சிவப்பு வண்டி என்னை மகிழ்வித்தது. ஐப்பசி பிறந்தது, அடைமழை பிடித்தது. முதலில் கால் பலகையின் ஓரத்தில் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பிற்று. வியர்க்குரு போல இருக்கிறதே என்று சிரித்துவிட்டு விட்டுவிட்டேன்.

ஒரு மாலை, தங்கையைப் பள்ளியிலிருந்து ஏற்றிக்கொண்டு வந்தேன். ஏரிக்கரை வளைவில் எதிரே ஒரு மாட்டு வண்டி. வலக்காலால் பிரேக்கை அழுத்தினேன். அந்த வண்டியில் பின் பிரேக்கின் மிதி கால் பலகைத் தகட்டோடு பிணைந்தது. மிதி இறங்கவில்லை, அதைத் தாங்கிய தகடு இறங்கிற்று! கைப் பிரேக்கைப் பற்றினேன். ஈரச் சாலையில் வண்டி சரிந்தது. எனக்கு முழங்காலில் சிராய்ப்பு. தங்கைக்கு முழங்கையில் மூன்று தையல். ஏரிப்பக்கம் சரியாமல் சாலைப்பக்கம் சரிந்தோமே, அதுதான் நாங்கள் செய்த புண்ணியம்.

மறுநாள் தந்தை அந்தப் பலகையைச் சுரண்டிப் பார்த்தார். மேலே சிவப்புப் பெயிண்ட். அதன் கீழே கால் விரல் தடிமனுக்குப் பட்டி. அதன் கீழே பசையால் ஒட்டிய ஒரு தகரத் துண்டு. அதன் கீழே எஃகு இருக்க வேண்டிய இடத்தில் காப்பித்தூள் போன்ற துரு. தரகரிடம் சென்றோம். "வித்தது வித்ததுதான்" என்று முடித்துவிட்டார். பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டதில் வந்தது இரண்டாயிரத்து முந்நூறு ரூபாய்.

தந்தை என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "உப்புப் பூத்த ஈரச் சுவத்து மேல எவ்வளவு நல்லாப் பூசினாலும் நிக்காது தம்பி. பழசைக் கொத்தி எடுத்துட்டுத்தான் பூசணும்" என்று மட்டும் சொன்னார். கடிந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

நீர் காட்டிய நிறம்

அதே மழைக்காலத்தில் ஒரு நாள் ஆசிரியர் வீட்டு வழியே நடந்து வந்தேன். வேப்பமரத்தடியில் அந்தச் சாம்பல் வண்டி மழையில் நனைந்து நின்றது. அது சாம்பல் நிறமாக இல்லை. கருநீலமாக, ஆழ்ந்து, அழகாக இருந்தது! மறுநாள் வெயில் வந்ததும் மீண்டும் சாம்பல் பூத்துவிட்டது.

ஏன் அப்படி? நம் பாடத்திலேயே விடை இருக்கிறது. வண்ணப்பூச்சு என்பது நிறமியும், அந்த நிறமித் துகள்களைப் பிணைத்து நிறுத்தும் பிசினும் சேர்ந்த மெல்லிய படலம். சூரியனின் புற ஊதாக் கதிர்கள் உயிர்வளியின் துணையோடு பிசினின் நீண்ட மூலக்கூறுத் தொடர்களை அறுக்கின்றன. பிணைப்பு போனதும் மேற்பரப்பிலுள்ள நிறமி பொடியாக உதிர்கிறது. வழுவழுப்பாக இருந்த பரப்பு கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளங்களாக மாறுகிறது. வழுவழுப்பான பரப்பில் விழும் ஒளி ஒரே திசையில் திரும்பும். அதைத்தான் பளபளப்பு என்கிறோம். கரடான பரப்பில் விழும் ஒளி நாலாபக்கமும் சிதறும். அதைத்தான் வெளுப்பு என்கிறோம். மழைநீர் அந்தப் பள்ளங்களை நிரப்பியதால் சிதறல் குறைந்து, அடியிலுள்ள உண்மை நிறம் சற்று நேரம் தெரிந்தது. அதாவது அந்த வண்டியின் நிறம் எங்கும் போய்விடவில்லை. மேலேயிருந்த மாண்ட படலம் அதை மூடியிருந்தது, அவ்வளவே.

துருவின் கதை வேறு. வெளுப்பு மேலிருந்து கீழே வருவது; துரு கீழிருந்து மேலே வருவது. இரும்பு துருவாகும்போது அது முன்பிருந்ததைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கிறது. அந்த நெருக்கடியில்தான் பெயிண்ட் கொப்புளிக்கிறது. அதன்மேல் எத்தனை முறை பெயிண்ட் அடித்தாலும், உள்ளே அரிப்பு நின்றுவிடாது. பட்டியோ ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு துருவுக்குத் துணைபோகும்.

தந்தை இதை ஒரே வரியில் சொன்னார்: "வெயில் தின்னதை மீட்டுடலாம், தண்ணி தின்னதை வெட்டித்தான் எடுக்கணும்."

பொங்கல் விடுமுறையை ஒட்டி ஒன்பது நாள் தந்தையோடு சித்தாளாகச் சென்றேன். நாளுக்கு அறுநூறு வீதம் ஐயாயிரத்து நானூறு ரூபாய். எடைக்குப் போட்ட பணத்தையும் சேர்த்து ஏழாயிரத்து எழுநூறு. ஆசிரியர் ஐயா ஐந்நூறு ரூபாய் குறைத்துக்கொண்டார். இம்முறை நான் வாயைத் திறக்கவில்லை. தந்தை கரணையின் பிடியால் கால் பலகை முழுவதையும் தட்டிப் பார்த்தார். சுவர்ப் பூச்சு விட்டிருந்தால் 'பொக்கு' என்று ஒலிக்குமே, அதே சோதனைதான். எல்லா இடத்திலும் 'டங்' என்று இரும்பு பேசிற்று. வண்டியைச் சாய்த்து அடிப்பாகத்தையும் பார்த்தார். அதன் பிறகே "எடுத்துக்கலாம்" என்றார்.

மீட்ட கதை

எஞ்சினைச் சரி செய்தது மெக்கானிக் அண்ணன். அந்தச் செலவு தனி. வெளிப்புற வேலையை நானும் தந்தையும் நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் முடித்தோம். வழிகாட்டியவர் எங்கள் ஊர் பெயிண்டர் அண்ணன். செலவு ஆயிரத்து நூற்று நாற்பது ரூபாய். எவரும் செய்யக்கூடியதாகையால் முறையை எழுதுகிறேன்.

முதல் நாள் கழுவுதல் மட்டுமே. இதில் என்ன இருக்கிறது என்று எண்ணாதீர்கள். வண்டியில் ஏற்படும் கீறல்களில் பெரும்பகுதி, மண்ணோடு சேர்த்துத் துணியால் தேய்ப்பதால் வருவது. முதலில் தண்ணீரை மட்டும் ஊற்றி மண்ணை இறக்க வேண்டும். பிறகு மேலிருந்து கீழாக, மென்மையான துணியால் கழுவ வேண்டும். துணியை அலசுவதற்கு ஒரு வாளி, சோப்பு நீருக்கு வேறொரு வாளி. எப்போதும் நிழலில், தகடு குளிர்ந்திருக்கும்போது.

இரண்டாம் நாள் துரு. முன் மட்கார்டின் விளிம்பிலும் இரண்டு கட்டைவிரல் அளவு இடங்களிலும் மட்டுமே அது இருந்தது. வெள்ளை இரும்பு தெரியும்வரை உப்புத்தாளால் தேய்த்தோம். குழிகளில் எஞ்சிய துருவுக்குப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு நீக்கியைக் கையுறை போட்டுக்கொண்டு தடவினோம். அது துருவை இரும்பு பாஸ்பேட்டாக மாற்றிக் காப்புப் படலம் ஆக்குகிறது. டெல்லி மெஹ்ரவுலியில் வெட்டவெளியில் நிற்கும், ஏறக்குறைய 1600 ஆண்டுப் பழமையான இரும்புத் தூண் துருப்பிடித்து அழியாததற்கும், அதன் இரும்பில் பாஸ்பரஸ் மிகுந்திருப்பதால் உருவான காப்புப் படலமே முக்கியக் காரணம் என்று கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர் ஆர். பாலசுப்பிரமணியம் ஆராய்ந்து காட்டினார். அந்தப் பெருந்தூணுக்கும் என் மட்கார்டுக்கும் ஒரே வேதியியல் என்று எண்ணியபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைத் தேர்வு மதிப்பெண் தந்ததில்லை! அதன்மேல் பிரைமரும், பின்னர் அந்த இடங்களுக்கு மட்டும் நீலமும் தொட்டு வைத்தோம்.

மூன்றாம் நாள்தான் உண்மையான மீட்பு. 2000 எண் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து மெல்லத் தேய்த்து, பிறகு ரப்பிங் காம்பவுண்டைத் துணியில் எடுத்து, ஓரடிச் சதுரம் ஓரடிச் சதுரமாகத் தேய்த்தோம். துணியில் நீலம் ஏறிற்று. அதைக் கண்டு நான் பதறினேன். பெயிண்டர் அண்ணன் சிரித்தார். செத்த தோல்தான் வருகிறது என்றார். ஆயினும் எச்சரிக்கை வேண்டும். ஒரு வண்டியின் பெயிண்ட் மொத்தமே நாம் எழுதும் தாளின் தடிமன் அளவில்தான் இருக்கும். தேய்க்கும் ஒவ்வொரு முறையும் அதில் ஒரு பகுதி போகிறது. எனவே வேண்டிய அளவுக்குமேல் தேய்க்கக் கூடாது. விளிம்புகளிலும் முகடுகளிலும் பெயிண்ட் மிக மெல்லியது. அங்கே கையை இலேசாக்க வேண்டும். மாலை நான்கு மணிக்கு, மழைநாளில் நான் கண்ட கருநீலம் உலர்ந்த வண்டியில் நின்றது. ஆசிரியர் ஐயாவை அழைத்து வந்து காட்டினோம். அவர் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இதில்தான் என் மகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனேன்" என்றார்.

நான்காம் நாள் மற்ற அலங்கார உறுப்புகள். குரோமியம் பூசிய கம்பியிலிருந்த துருப்புள்ளிகளுக்குப் பெயிண்டர் அண்ணன் சொன்ன வழி வியப்பூட்டியது. உணவு சுற்றும் அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் போதும். அலுமினியம் குரோமியத்தைவிட மென்மையானது. ஆகவே மேற்பூச்சைக் கீறாது. இரும்பைவிட வினைத்திறன் மிகுந்தது. ஆகவே துருவை விடுவிக்கத் துணைசெய்யும். நாம் மனப்பாடம் செய்யும் வினைத்திறன் வரிசை அங்கே வேலை செய்தது. வெடித்த ரப்பர் பட்டைகளைக் கழற்றிப் புதியவை போட்டோம். பழைய ரப்பரை மண்ணெண்ணெயால் துடைத்துப் பளபளப்பாக்குவது நம்மூர் வழக்கம். அது ரப்பரை ஊறிப் பருக்கச் செய்து கெடுத்துவிடும். சோப்பு நீரே போதும். பட்டைகளுக்கு அடியில் தேங்கும் ஈரம்தான் கால் பலகையை அரிக்கிறது என்பதால் அங்கே இரு மடங்கு கவனம் செலுத்தினோம். முடிவில் மெழுகு. பிரேசில் நாட்டுப் பனை ஒன்றின் இலையிலிருந்து எடுக்கும் கார்னாபா மெழுகு கலந்தது. அன்று பூசியபின் தண்ணீர் தெளித்தால் சேப்பங்கிழங்கு இலைமேல் விழுந்ததுபோல் முத்து முத்தாக உருண்டோடிற்று.

இடப்பக்கத்து ஒடுக்கை மட்டும் விட்டுவிட்டோம். அதில் பெயிண்ட் உடையவில்லை, துருவும் இல்லை. அதைச் சமன் செய்வதென்றால் பட்டிதான் வைக்க வேண்டும். எதற்கு? அது வண்டியின் வயது, இருந்துவிட்டுப் போகட்டும்.

சிலர் கேட்கும் கேள்விகள்

"நான்கு ஞாயிற்றுக்கிழமை வீண். பெயிண்ட் அடிக்கக் கொடுத்தால் ஒரே நாளில் முடிந்திருக்குமே?" என்றார் ஒரு நண்பர். முறையாகப் பெயிண்ட் அடிப்பதற்கு நான் எதிரி அல்லன். பழையதைச் சுரண்டி, துருவை வெட்டி, தகடு வைத்துப் பற்றவைத்து, பிரைமர் கொடுத்து அடிப்பவரும் இருக்கிறார்கள். அது ஒரே நாளில் முடியாது என்பதே அவர்களை அடையாளம் காணும் வழி. காம்பவுண்டால் எல்லாவற்றையும் மீட்டுவிடலாம் என்றும் நான் சொல்லவில்லை. இக்கால வண்டிகள் பலவற்றில் நிறத்தின்மேல் நிறமற்ற ஒரு காப்புப் படலம் உண்டு. தேய்த்தால் துணியில் நிறம் ஏறாது. அந்தப் படலம் பாம்புச் சட்டைபோல் உரிந்துவிட்டால் மறுபடி அடிப்பதைத் தவிர வழியில்லை.

ஆனால் அடிப்பவரைப் பற்றியும் ஒரு சொல். எங்களுக்கு வழிகாட்டிய பெயிண்டர் அண்ணன் பேச்சுக்கு நடுவே நின்று நின்று மூச்சு வாங்குகிறார். இன்று தெளிக்கப்படும் கடினப் பெயிண்ட்கள் பலவற்றில் ஐசோசயனேட் சேர்மங்கள் உள்ளன. அவை ஆஸ்துமாவை உண்டாக்க வல்லவை. கைக்குட்டையைக் கட்டிக்கொண்டால் அவை நிற்கா. வீட்டுப் பெயிண்ட்களில் காரீயம் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அது வண்டிப் பெயிண்ட்டுக்கு உரியதன்று. ஆகவே பழைய வண்டியை உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூசியைச் சுவாசிக்காதீர்கள், நனைத்தே தேய்யுங்கள். தேவையின்றி முழு வண்டிக்கும் பெயிண்ட் அடிக்கச் சொல்லும்போது நாம் செலவழிப்பது பணத்தை மட்டுமன்று. ஒரு தொழிலாளியின் நுரையீரலையும்தான்.

"வெளித்தோற்றத்திற்கு ஏன் இத்தனை பாடு? ஓடினால் போதாதா?" என்பது இன்னொரு கேள்வி. எளிமை வேறு, அசட்டை வேறு. பெயிண்ட் என்பது வண்டிக்கு உடையன்று, தோல். அது போனால் தண்ணீர் எலும்பைத் தேடிப்போகும். அந்த எலும்பு ஒரு நாள் ஏரிக்கரை வளைவில் கைவிடும். மெழுகு பூசுவது அழகுக்காக என்று நானும் முன்பு எண்ணியிருந்தேன். தங்கையின் முழங்கைத் தழும்பைப் பார்க்கும்போது அப்படி எண்ண முடியவில்லை.

பழைய வண்டி வாங்கப் போகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். துணி சுற்றிய சிறு காந்தத்தை எடுத்துச் செல்லுங்கள். தகட்டில் ஒட்டும் காந்தம் தடித்த பட்டியின்மேல் நழுவும். ரப்பர் ஓரங்களிலும் திருகாணித் தலைகளிலும் பெயிண்ட் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். கழற்றாமல் அவசரத்தில் அடித்ததற்கு அதுவே சாட்சி. கால் பலகையைத் தட்டிக் கேளுங்கள். வண்டியைச் சாய்த்து அடிவயிற்றைப் பாருங்கள். அங்கே எவரும் மினுக்குவதில்லை. வெளுத்த வண்டியானால் ஈரத்துணியால் ஓரிடத்தைத் துடையுங்கள். ஈரத்தில் தெரியும் நிறம்தான் உங்கள் உழைப்புக்குக் கிடைக்கப்போகும் நிறம்.

நம் கல்லூரிக்கு ஒரு வேண்டுகோள்

நம் பேராசிரியப் பெருமக்களிடம் பணிவுடன் ஒன்று கேட்கிறேன். ஆண்டுக்கு ஒரு நாள், நம் வேதியியல் துறையும் நாட்டு நலப்பணித் திட்டமும் இணைந்து, நம் வண்டி நிறுத்தத்திலேயே ஒரு பராமரிப்பு நாள் நடத்தலாகாதா? துரு ஏன் வருகிறது என்பதைத் துறையினர் சோதனைக் குழாயில் காட்டட்டும். துருவை எப்படி நீக்குவது என்பதை நம் நகரத்துப் பெயிண்டர் ஒருவர் காட்டட்டும். அவரை உதவியாளராக அன்று, ஆசிரியராக அழைக்க வேண்டும். அவருக்கு ஒரு நல்ல முகக்கவசத்தை நம் அன்பளிப்பாக வழங்க வேண்டும். பெரும் பொருட்செலவு இல்லை. ஆனால் பாடமும் பட்டறையும் ஒருவரையொருவர் முகம் பார்க்கும்.

நான் இதை வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. படிப்பில் முதல் தலைமுறையாக வருகிறவர்களுக்கு ஓர் ஆபத்து இருக்கிறது. வீட்டில் எல்லாரும் நம் சொல்லுக்குத் தலையாட்டுகிறார்கள். நாமும் நாளடைவில் நம்மிடம் இருக்கும் இரண்டாண்டுப் படிப்பை, அவர்களிடம் இருக்கும் முப்பதாண்டு அறிவின்மேல் பூசிவிடுகிறோம். "உங்களுக்குத் தெரியாதுப்பா" என்று நான் சொன்னது அத்தகைய பூச்சுதான். அதன் விலை பன்னிரண்டாயிரம் ரூபாய் என்று சொல்லலாம். அம்மா அந்தக் கடனின் தவணையை இன்னும் வாரந்தோறும் கட்டிக்கொண்டிருக்கிறார்.

இப்போது என் நீல வண்டி, நம் கல்லூரி வாகன நிறுத்தத்தில் புங்கமரத்தின் கீழ் நிற்கிறது. அதன் பக்கத்தில் சாம்பல் பூத்த வண்டிகள் ஏழெட்டு நிற்பதையும் காண்கிறேன். அவற்றின் சொந்தக்காரர்களில் சிலர் என்னைப்போலவே வெட்கப்பட்டு, அவற்றைக் கடைசி வரிசையில் நிறுத்துவதையும் காண்கிறேன். நண்பர்களே, வெட்கம் வேண்டா. அடுத்த மழை நாளில் வகுப்பு முடிந்ததும், குடையைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் உங்கள் வண்டியைப் பாருங்கள். அதன் உண்மையான நிறம் தெரியும். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வாருங்கள். மீதமிருக்கும் காம்பவுண்டும் மெழுகும் தருகிறேன். கரணையோடு என் தந்தையும் இருப்பார். தட்டிப் பார்த்துச் சொல்வார்.